சுண்ணாம்பு பூசாத பாறை

என் கையெழுத்து மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிய காடு மாதிரி இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழைகளைப் பத்திரிகையில் இருப்பவர்கள் பொறுத்துக்கொண்டு திருத்தட்டும். நான் சொல்ல வந்த மனிதர் பிழையில்லாமல் வந்து சேர்ந்தால் எனக்குப் போதும்.

உலகத்தில் இருப்பது மொத்தம் ஒரே ஒரு மலைதான், அதன் ஒரு முனை கொல்லிமலை, மறுமுனை கடலுக்கு அந்தப் பக்கம் என்று நம்பிய ஒரே ஆள் எங்கள் பெருக்காரர்தான்.

கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் எங்கள் ஊர்க்காரர். சின்ன வயதிலேயே மலையிறங்கிப் போய்ச் சரக்குக் கப்பலில் சமையல்காரர் ஆனார். பெரு என்ற நாட்டின் துறைமுகத்தில் வழுக்கி விழுந்து கால் உடைந்தது. கப்பலுக்கு அவசரம், காலுக்கு அவசரமில்லை. அது இவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் தரை கூட்டுகிறவர் ஒருவர் இரக்கப்பட்டு, ஆண்டீஸ் மலையில் இருந்த தன் வீட்டுக்கு இவரைக் கூட்டிப்போனார். கால் கூடும்வரை இருந்தார். கூடிய பிறகும் இரண்டு வருடம் இருந்தார். திரும்பி வரும்போது ஒரு நொண்டல், காதை மூடும் கம்பளிக் குல்லா, அந்த மலை மொத்தம் ஆகிய மூன்றையும் கொண்டுவந்தார். குல்லாவைச் சித்திரை வெயிலிலும் கழற்றமாட்டார்.

டீக்கடையில் டம்ளரை வாங்கியதும் முதல் வாயைத் தரையில் ஊற்றுவார். கடை வைத்திருந்த செல்லம்மா அக்காவுக்கு ஆத்திரம் வந்துவிடும்.

“ஏனுங்க, என்ற டீ அத்தன கேவலமாவா இருக்குது?”

“மண்ணு குடிச்சதுக்கப்புறந்தான் நாம குடிக்கோணும் சாமி. அங்க அப்படித்தான்.”

“அப்பிடியா? மண்ணுக்குச் சக்கரை பத்துதான்னு கேட்டுச் சொல்லுங்க.”

அவர் நிஜமாகவே குனிந்து தரையைப் பார்த்துவிட்டு, “பத்துதுங்க” என்பார்.

உருளைக்கிழங்கு அந்த மலையில் பிறந்தது, மிளகாயும் மரவள்ளியும் அந்தக் கண்டத்திலிருந்து வந்தவை என்று அவர் சொன்ன அன்று, கடையில் இருந்த எல்லோருக்கும் மனசு உடைந்துபோனது.

“அப்ப எங்கொழம்புல நம்முளுதுன்னு என்னதானுங்க இருக்குது?” என்றார் செல்லம்மா அக்கா.

“மொளகு இருக்குது. அப்பறம் உங்க வாயி.”

இடுப்பில் அரைஞாண் கயிறு மாதிரி ஒரு கம்பளிக் கயிறு, அதில் நூற்றுக்கணக்கில் முடிச்சுகள். மழை வந்தால் ஒன்று, ஊரில் குழந்தை பிறந்தால் ஒன்று, சண்டை என்றால் இரட்டை முடிச்சு. அந்த மலையின் பழைய ராஜாங்கமே முடிச்சில்தான் நடந்ததாம். ஏதாவது கேட்டால் கயிற்றை விரலால் தடவித்தான் பதில் சொல்வார். ஒருநாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன்.

“எலி கடிச்சுப் போட்டுச்சு கண்ணு. ரெண்டு வருசம் போச்சு.”

என் காட்டின் மேல்கோடியில் குடை விரித்த மாதிரி ஒரு பாறை உண்டு. அதன் அடிவயிற்றில் சிவப்புத் தீற்றல்கள். யாரோ வெற்றிலை போட்டுத் துப்பியது என்று நினைத்து, நான் அங்கே ஆடு கட்டிவந்தேன். பெருக்காரர் ஊர் திரும்பிய புதிதில் ஒரு காலையில் வந்து, மல்லாந்து படுத்து, பாறைக்கு அடியில் நகர்ந்து போனார். வெயில் உச்சிக்கு வந்தும் சத்தமில்லை. பயந்துபோய்க் காலைப் பிடித்து இழுத்தேன்.

“அது ஒடஞ்ச காலு, மெதுவா” என்றது பாறை. “நீயும் வந்து படு.”

படுத்தேன். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. தீற்றல்கள் மெல்லக் கூடி ஒரு ஆள் ஆயின. பக்கத்தில் இன்னொரு ஆள், அப்புறம் வரிசையாக ஏழெட்டுப் பேர். எல்லோரும் கைகோத்து நின்றார்கள். ஓரத்தில் கொம்பு வைத்த ஒரு உயிர், தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. நாற்பது வருடம் நான் ஆடு கட்டிய இடத்தில் இவர்கள் எனக்குமுன்பே வந்து, சத்தம் போடாமல் நின்றுகொண்டிருந்திருக்கிறார்கள்.

“என்னைய வெச்சுக் காப்பாத்துனவரு அங்க ஒரு கொகையக் காட்டுனாரு” என்றார் பெருக்காரர். “இதே செவப்பு, இதே மாதிரி ஆளுங்க. ‘இவங்க எங்க மனுசங்க, உன்ற மலையில யாரு இருக்காங்க?’ன்னு கேட்டாரு. ஆடு மேய்க்கறப்ப மழைக்கு இங்க ஒதுங்குனது அப்பத்தான் நெனப்பு வந்துச்சு. இவங்களப் பாக்கத்தான் கண்ணு நான் திரும்பி வந்ததே.”

அதன்பிறகு வீடு வீடாகப் போய்ச் சொன்னார். முதலில் ஊர் சிரித்தது. அவர் விடாமல் ஒவ்வொருவராகக் கூட்டிவந்து படுக்கவைத்தார். கடைசியில் ஊர்க்கவுண்டரே படுத்துப் பார்த்து, எழுந்து, கும்பிட்டுவிட்டார். அங்கேதான் வினை வந்தது. எங்கள் ஊரில் ஒரு பாறை சாமியாகிவிட்டால் மறுநாளே அதற்குச் சுண்ணாம்பு அடித்து, காவிப் பட்டை தீட்டி, எண்ணெய் சார்த்திவிடுவோம். வருடாவருடம் கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவன் நான்தான்.

ஆக என் காடு, என் பாறை, என் கையில் வாளி. ஊரே பின்னால் நின்றது. பெருக்காரர் பாறையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“தள்ளுங்க பெருக்காரரே, சாமிய இப்படி அழுக்கா உட்டுவெக்க முடியுமா?” என்றார் ஊர்க்கவுண்டர்.

“பூசுனா அவங்க மறஞ்சு போயிருவாங்க கவுண்டரே. அப்புறம் யாராலயும் கொண்டார முடியாது.”

“பூசாட்டி கோவிச்சுக்கும். காடு வெளையாது.”

பெருக்காரர் அவரிடம் பேசுவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “கண்ணு, நீ பாத்தியல்ல? கையக் கோத்துட்டு நிக்கறாங்களே, அவங்க மூஞ்சில பூசுவியா?”

பூசுகிற மட்டையிலிருந்து சுண்ணாம்பு என் காலில் சொட்டியது. ஊர்க்கூட்டத்தில் நான் அதுவரை வாய் திறந்ததே இல்லை. என் கல்யாணத்துக்குக்கூட என் மாமாதான் சம்மதம் சொன்னார்.

“மாட்டேனுங்க” என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. “சுண்ணாம்பு கரைச்சாச்சேப்பா” என்றார் ஊர்க்கவுண்டர் பரிதாபமாக.

பெருக்காரர் எழுந்து நொண்டிக்கொண்டே போய், பத்தடி தள்ளி வழியோரத்தில் ஒரு கல்லை வைத்தார். “அங்க மலைக்கு மரியாத செய்யறதுன்னா, வழியில போறவங்க ஆளுக்கொரு கல்லு வெப்பாங்க. இதச் சாமிக்குப் பதிலா வெச்சுக் கும்புடுங்க. பூசறத இதுல பூசுங்க.”

ஊர்க்கவுண்டர் கல்லைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். பிறகு தானும் ஒரு கல்லை எடுத்து வைத்தார். மத்தியானத்துக்குள் இடுப்புயரக் குவியல் ஆகிவிட்டது. கண் கூசும்படி சுண்ணாம்பு அடித்துக் காவிப் பட்டையும் போட்டேன்.

“அங்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்க மாட்டாங்க” என்று முணுமுணுத்தார் பெருக்காரர்.

“இங்க அடிப்போமுங்க” என்றேன். அன்றைக்கு என் இரண்டாவது பேச்சு அது.

போன தை மாதம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இதையெல்லாம் எழுதிவைக்க ஆசை, ஆனால் கையெழுத்து சரியில்லை என்று ஒருமுறை அவரிடம் சொல்லியிருந்தேன். “எழுத்தே இல்லாம முடிச்சுப் போட்டே ஒரு ராச்சியத்த ஓட்டுனாங்க. உனக்கு அஞ்சாப்பு எழுத்து இருக்குது, அப்புறமென்ன?” என்று திட்டிவிட்டு, நான் எழுதுவதாகச் சொன்னதற்கு ஒரு முடிச்சும் போட்டுக்கொண்டார்.

அந்தக் கயிறு இப்போது என்னிடம் இருக்கிறது. அத்தனை முடிச்சில் என்னுடையது எது என்று தடவித் தடவிப் பார்க்கிறேன், தெரியவில்லை. அதனால் எழுதி முடித்ததும் கயிற்றின் கடைசியில் நானே ஒரு முடிச்சுப் போட்டேன். அதுவும் என் கையெழுத்து மாதிரிதான் வந்திருக்கிறது. அவர் இருந்திருந்தால் தடவிப் பார்த்துச் சரியாக வாசித்திருப்பார்: சொன்னபடி எழுதிப்போட்டான், ஆடி மாதம், பதினெட்டாம் நாள்.