பேர் வெட்டாத பேன்ஜோ

அறுப்பின் பண்டிகைக்குள் அந்தப் பேன்ஜோவைச் செய்தவன் யார், எந்த வருஷம் செய்தான் என்று கண்டுபிடித்தே தீருவது என ஜஸ்டஸ் வாத்தியார் முடிவு செய்துவிட்டார். முடிவு செய்தது சாப்பாட்டு மேசையில். பேன்ஜோ கிடந்ததும் அதே மேசையில்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் சாப்பாடு அடுக்களைத் தரையில் நடந்தது.

சீமைக்குத் திரும்பிய மிஷன் துரை பங்களாவைக் காலி செய்தபோது, "நீர் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவர், வைத்துக்கொள்ளும்" என்று கொடுத்துவிட்டுப் போனது அது. வட்டமான வெள்ளித் தகட்டு வளையம். அதன்மேல் தோல். தோலை இழுத்துப் பிடிக்கச் சுற்றிலும் கொக்கிகள். நீண்ட கழுத்து, ஐந்து கம்பி. எங்கே தேடியும் பெயர் மட்டும் இல்லை.

"சல்லடைக்குக் காம்பு முளைச்ச மாதிரி இருக்கு," என்றாள் அவர் மனைவி பூங்கனி.

"ஏட்டி, இது சரித்திரமாக்கும்."

"எந்த வருஷத்துச் சரித்திரம்?"

"அதைத்தான் தேடுதேன்."

"எங்கப்பா எனக்குத் தந்த பாத்திரத்தப் பாருங்க. அண்டாவுல இருந்து கரண்டி வரைக்கும் பேரு வெட்டியிருக்கு, வருஷமும் வெட்டியிருக்கு. பேரு வெட்டாத சாமான் யாருக்கும் சொந்தமில்ல. தூக்குனவனுக்குத்தான் சொந்தம்."

வாத்தியார் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டார். கொக்கிகளைக் கழற்றினார். தோலை விலக்கித் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். ஒரு செத்த பாச்சை கிடந்தது. அதிலும் பெயர் இல்லை. இத்தனை நேர்த்தியாகச் செய்துவிட்டுப் பெயரைப் போடாமல் போனவன் எப்பேர்ப்பட்ட மனுஷனாக இருப்பான்? தன்னால் அப்படி முடியுமா? பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டிப் பெட்டியில்கூடத் தன் பெயரை எழுதி வைப்பவர் அவர். அதை நினைத்து அரை நாள் மனம் கனத்துக் கிடந்தது.

மறுநாளே தெளிந்துவிட்டார். ஆதி காலத்துப் பேன்ஜோக்களின் கழுத்தில் வீணைக்கு இருப்பது போன்ற மெட்டுகள் கிடையாது என்று எங்கோ படித்திருந்தார். இதிலும் மெட்டு இல்லை. ஆகவே நூறு வருஷத்துக்குக் குறையாது!

"மெட்டு இல்லாம இல்ல, பறிஞ்சு போயிருக்கு," என்றாள் பூங்கனி, கீரை ஆய்ந்துகொண்டே. "வரிவரியா வெட்டு தெரியுதே, கண்டியளா?"

"அது அலங்காரம்."

"அப்போ உங்க மோணையில பல்லு இல்லாத எடமும் அலங்காரம்தான்."

பண்டிகை நெருங்கியது. வயது கிடைத்துவிட்டது, பெயர் கிடைக்கவில்லை. அப்போது பூங்கனியே வழி சொன்னாள். "இஞ்ச பாருங்க, பண்டிகைக்கு ஆஸ்பத்திரி டாக்டரம்மா வாறாவளாம். வெள்ளக்காரிதானே, அவிய ஊர்ச் சாமான் அவியளுக்குத் தெரியாதா? கொண்டு காட்டுங்க."

நல்ல யோசனை. முகச்சவரம் செய்து முடிப்பதற்குள் அது தன் யோசனையே என்று வாத்தியாருக்கு நிச்சயமாகிவிட்டது.

"பட்டு ஜிப்பாவுல பர்ஸ் துருத்திக்கிட்டு நிக்கும். என்கிட்ட தாங்க," என்றாள். கொடுத்தார்.

பண்டிகையன்று வேதக்கோயில் நிறையக் கூட்டம். முன்னால் நீண்ட மேசையில் அவரவர் கொண்டுவந்த விளைச்சல்: பூசணி, சேனை, நெற்கதிர், சேவல், பூங்கனி வளர்த்த மட்டி வாழைக்குலை.

"இந்தக் கூட்டத்துல எப்படிக் காட்டுவீங்க?" என்றாள் பூங்கனி. "நம்ம குலை பக்கத்துல சாத்தி வையுங்க. டாக்டரம்மா நேர எதிர்லயாக்கும் இருக்காவ."

சாத்தி வைத்தார். டாக்டரம்மாள் திரும்பிப் பார்த்தாள், சிரித்தாள். வாத்தியார் நெஞ்சு நிமிர்ந்தது. போதகர் இரண்டு கைகளையும் மேசைக்கு மேலே உயர்த்தினார். "ஆண்டவரே, இந்த மேசையில் வைக்கப்பட்ட யாவற்றையும் உமக்கென்று ஏற்றுக்கொள்ளும்." சபையிலேயே உரத்த ஆமென் வாத்தியாருடையது.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. மேசையில் ஏறியது காணிக்கை. காணிக்கை ஏலத்துக்கு. ஏலம் போடுகிற ஜெயசிங்கிடம் ஓடினார்.

"ஏலே ஜெயசிங், அது காட்டுகதுக்கு வச்சதாக்கும்!"

"ஆமென் சொன்ன பொறவா, வாத்தியாரே? உங்களுக்கு விட்டா, சேவல் கொண்டுவந்தவனும் காட்டத்தான் வச்சேம்பான்."

டாக்டரம்மாள் பேன்ஜோவைத் திருப்பிப் பார்த்துத் தன் தமிழில் சொன்னாள்: "நல்லது. நாற்பது, ஐம்பது வருஷம் இருக்கும். மெட்டு எல்லாம் விழுந்துவிட்டது. தொழிற்சாலையில் பெயர் போடாமல் செய்வார்கள். விற்கிறவர்கள் தங்கள் பெயரைப் போடுவார்கள். இதற்கு யாரும் போடவில்லை."

வாத்தியாரின் நூறு வருஷத்தில் பாதி அங்கேயே போயிற்று.

"பேரும் ஊரும் இல்லாத சாமான்! யாரு எடுக்கா?" என்று கூவினான் ஜெயசிங்.

வாத்தியார் ஜிப்பாவைத் தடவினார். பர்ஸ் பெண்கள் பக்கத்தில் இருந்தது. கையை ஆட்டினார், கண்ணைக் காட்டினார். பூங்கனி புரிந்ததாகத் தலையசைத்தாள். எழுந்தாள். ஒரே ஒரு விலை கேட்டாள். எதிர்த்துக் கேட்க ஆளில்லை.

"பூங்கனியம்மாளுக்கு!"

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக இவளைத் தப்பாக எடை போட்டுவிட்டோமே! வாசலில் ஓடிப் போய்க் கையை நீட்டினார்.

பூங்கனி பேன்ஜோவை இடுக்கிக்கொண்டாள். "தொடாதீங்க. ஏலத்துல எடுத்தது, எனக்க சாமான்."

"எனக்க பர்சுலல்லா எடுத்த?"

"கூப்பிட்டது யாரு பேர? உங்க பேரயா?"

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மேசை துடைத்துப் பளபளத்தது. அதன்மேல் வாழையிலை, சோறு, மீன்குழம்பு. அடுக்களைச் சுவரில் சல்லடைக்குப் பக்கத்து ஆணியில் பேன்ஜோ தொங்கியது.

"ஒரு தடவ பாத்துக்கிடட்டுமா?"

"கைய கழுவிட்டுப் பாருங்க."

பழக்கத்தில் பூதக்கண்ணாடியையும் எடுத்தார். எடுத்திருக்க வேண்டாம். பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர் காலையில் தெருவோடு வந்திருந்தார் போலிருக்கிறது. வெள்ளித் தகட்டு வளையத்தில் புள்ளி புள்ளியாக, தெளிவாக, ஆழமாக இருந்தது: ஜ. பூங்கனி, 1951.

"பேரும் வருஷமும் கண்டுபிடிச்சாச்சுல்லா?" என்றாள் பூங்கனி. "உண்ண வாங்க."