சுண்ணாம்புத் தண்ணி சாரும் கிணற்றில் அணைந்த விளக்கும்

உள்ளே வரும் மூச்சாகவும் வெளியே போகும் மூச்சாகவும் நின்று, நாம் கேளாமலே நம்மை வாழ வைக்கும் பரம்பொருளின் திருவடிகளைப் பணிந்து தொடங்குகிறேன். இன்று கார்த்திகை நட்சத்திரமும் பௌர்ணமியும் கூடிய தீபத் திருநாள். வாசலில் அகல்களை ஏற்றிவிட்டு வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். விளக்கைக் கண்டால் இறைவன் நினைவே முதலில் வர வேண்டும், அதுதான் முறை. ஆனால் ஆண்டுதோறும் இறைவனை ஒரு கணம் முந்திக்கொண்டு சுண்ணாம்புத் தண்ணி சார் வந்து நிற்கிறார். இறைவன் பொறுத்துக்கொள்வான் என்றே நம்புகிறேன்.

அறுபதுகளில் தாம்பரத்துக்கும் ஊரப்பாக்கத்துக்கும் இடையில் உயிரோடு இருந்தவர் எவராயினும், தாம் உயிரோடு இருப்பதை அவரிடம் ஒரு முறையாவது நிரூபித்தே தீர வேண்டியிருந்தது. நான் தமிழ் நடத்திய பள்ளியில் அவர் உயிரியல் நடத்தினார். பெற்றோர் வைத்த பெயரை ஊர் மறந்துவிட்டது. வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளிய வைத்து இறுத்து, ஒரு சிறு புட்டியில் ஊற்றிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். கூடவே, உள்ளே துளையுள்ள ஒரு பப்பாளி இலைக் காம்பு. எதிர்ப்பட்டவரிடம் இரண்டையும் நீட்டி, "கொஞ்சம் ஊதுங்க" என்பார். ஊதினால் தெளிந்த நீர் பால்போல் வெளுக்கும். நாம் வெளிவிடும் கரியமில வாயுவின் வேலை அது.

பள்ளிக்குப் புதிதாக வந்த தலைமையாசிரியர் முதல் நாளே ஊதினார். நீர் வெளுத்ததைக் கண்டு அவர் முகமும் வெளுத்தது.

"எனக்கு என்ன வியாதி மாஸ்டர்?"

"வியாதி இல்ல சார். உயிரோட இருக்கீங்க."

பெருங்களத்தூரில் ஒரு நாள் பேருந்தின் நடத்துநர் ஊதிக்கொண்டிருந்ததால், விசில் கொடுக்க வாய் இல்லாமல் வண்டி நின்றே இருந்தது. பள்ளித் தோட்டத்தில் எவனாவது இலையைக் கிள்ளினால், "அது வெயில்ல சமைச்சுக்கிட்டு இருக்குடா! அடுப்பிலேர்ந்து சட்டியைத் தூக்குவியா?" என்று பாய்வார். குரோட்டன்ஸ் கிளையொன்றைக் கண்ணாடிப் புட்டிக்குள் விட்டு வாயைப் பஞ்சால் அடைத்து, உள்ளே துளிகள் அரும்பியதும் ஆசிரியர் அனைவரையும் கூப்பிட்டு, "பாருங்க, இதுக்கும் வேர்க்குது" என்று பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல் காட்டுவார்.

என்னையும் அவர் விடவில்லை. பள்ளி தொடங்குமுன் நான் திருப்பாடல்களை ஓதுவது வழக்கம். கிறிஸ்தவராகிய அவர் மரியாதையாகச் சற்றுத் தள்ளி நின்று கேட்பார். முடித்ததும், "தமிழய்யா, நாலு வரியை ஒரே மூச்சுல பாடினீங்களே! உங்க சாமிக்கு நுரையீரல் மேல நல்ல நம்பிக்கை" என்பார்.

சிரித்தவரையில் போதும். இனி அந்த வைகாசி மாதத்துக்கு வருகிறேன்.

எங்கள் குடியிருப்பின் பிள்ளையார் கோயிலுக்குக் குடமுழுக்கு நிச்சயமாகியிருந்தது. கோயில் கிணற்று நீரால்தான் கலசங்களை நிரப்ப வேண்டும் என்பது ஊர்க்கட்டு. அந்தக் கிணறோ பல ஆண்டுகளாகப் பலகையால் மூடிக் கிடந்தது. உள்ளே அரசிலைச் சருகும் சேறும். விடிந்தால் முகூர்த்தம், முந்தின நாள் காலையில்தான் தூர் வார ஏகாம்பரம் என்பவன் கிடைத்தான். கிணறு இறங்குவதே அவன் தொழில். அவன் மனைவி கன்னியம்மா சேறு வாங்கிக் கொட்டுவதற்காகக் கூடையோடு வந்திருந்தாள்.

பலகையை நீக்கினார்கள். வேடிக்கை பார்க்க வந்த சுண்ணாம்புத் தண்ணி சார் எட்டிப் பார்த்தார். மூக்கை ஒரு முறை உறிஞ்சினார். பிறகு எங்கள் கோயில் குழுத் தலைவரிடம், ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவரிடம், மிகப் பணிவாகக் கேட்டார்: "சார், முதல்ல ஒரு விளக்கைக் கொளுத்தி வாளியில வச்சு உள்ளே இறக்கலாமா?"

தலைவர் நெகிழ்ந்துவிட்டார். அவர் அதைக் கங்கா பூஜை என்று எடுத்துக்கொண்டார். "பாத்தீங்களா தமிழய்யா? வேதக்காரருக்கு, ஒரு கிறிஸ்தவருக்கு, இருக்கிற பக்தி நம்மவங்களுக்கு இல்லே!" என்று சொல்லி, கருவறை விளக்கிலிருந்தே சுடர் எடுத்துவரச் செய்தார். அகலுக்குக் குங்குமம் இட்டு, பூ வைத்து, வாளியில் இருத்தி இறக்கினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள்.

பாதிக் கிணறு வரை சுடர் அசையாமல் சென்றது. பிறகு சுருங்கியது. நீலமாயிற்று. அணைந்தது.

குலவை அறுந்து நின்றது. குடமுழுக்குக்கு முந்தின நாள், கருவறைச் சுடர், எல்லோர் கண்முன்னும் அணைந்துவிட்டது. காற்றுகூட இல்லை.

"யார் இதைச் செய்யச் சொன்னது?" என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. தலைவரின் நெகிழ்ச்சி ஒரு நொடியில் வற்றியது.

"மாஸ்டர், உங்க சாமி வேற, எங்க சாமி வேற. எங்க கிணத்துல ஏன் வந்து தலையிடறீங்க?"

"சாமி எதுவா இருந்தாலும் காத்து ஒண்ணுதான் சார். விளக்கு எந்தக் காத்தைத் திங்குதோ அதைத்தான் இவரும் திங்கணும். கீழே அது இல்லை. அந்தச் சருகெல்லாம் மக்கி, கெட்ட வாயு உள்ளே உக்காந்திருக்கு. இறங்கினா மயக்கம் வரும். அப்புறம் எழுந்திருக்க மாட்டார்."

"காத்தடிச்சு அணைஞ்சிருக்கும். ஏகாம்பரம், நீ இறங்குப்பா. நேரமாகுது."

ஏகாம்பரம் சிரித்தான். "இன்னா சார் நீ, நா எத்தினி கெணறு பாத்துகினு வரேன். பேஜார் பண்ணாத, நவுரு" என்று கைப்பிடிச் சுவரில் காலைத் தூக்கிப் போட்டான்.

சுண்ணாம்புத் தண்ணி சார் அவன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றின் சுருளைத் தேடிப் போய் அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தார். சலவை மடிப்பு கலையாத வெள்ளைக் கால்சட்டையோடு, புழுதியில். "இறங்குங்க பார்ப்போம். கயிறு என்கிட்ட இருக்கு."

"யோவ், அந்த சாரு சொல்றத கேளுய்யா!" என்று கன்னியம்மா அலறினாள். "வூட்டுல ரெண்டு புள்ளைங்க கீது. நீ பாட்டுக்குப் பூட்டீன்னா?"

இரண்டு பேர் சாரைத் தூக்கி அப்புறப்படுத்த முன்வந்தார்கள். அப்போது என் வாயில் வந்த சொற்கள் என் சொற்கள் அல்ல, இறைவன் தந்தவை. "தலைவரே, கருவறைச் சுடர் அணைந்தது என்றால், 'இறங்காதே' என்று பிள்ளையார் சொல்கிறார் என்றுதானே பொருள்? உத்தரவு கிடைக்கும்வரை ஏற்றி ஏற்றிக் கேட்போம். சுடர் நின்று எரிந்தால் இறங்கட்டும்." புழுதியில் உட்கார்ந்தபடியே சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதேதான் ஐயா. வார்த்தைதான் வேற."

மீண்டும் இறக்கினோம். அதே ஆழத்தில் அணைந்தது. ஏகாம்பரம் காலைச் சுவரிலிருந்து மெல்ல எடுத்துவிட்டான்.

சார் கேட்டபடி வேப்பங்கிளைகளை ஒடித்துப் பெருங்கட்டாகக் கயிற்றில் கட்டி, கிணற்றுக்குள் விட்டுத் தூக்கி, விட்டுத் தூக்கி, தயிர் கடைவதுபோல் கடைந்தோம். குடங்குடமாய்த் தண்ணீரை மேலிருந்து வீசி அடித்தோம். பெண்களுக்கு மறுபடி குரல் வந்தது: "வேப்பிலை உள்ள போச்சு, இனி ஆத்தா பாத்துக்குவா!"

சார் என் காதருகே வந்தார். "ஐயா, இலைக்கு வெளிச்சம் இருந்தாத்தான் நல்ல காத்தை விடும். இருட்டுல அதுவும் நம்மை மாதிரிதான். இங்க வேலை செய்யறது விசிறிதான், வேப்பிலை இல்லை. சொல்லிடட்டுமா?"

"வாயை மூடிக்கொண்டு கடையுங்கள்" என்றேன்.

வெயில் உச்சிக்கு ஏறியபின் இறக்கிய சுடர், அடி வரை சென்று அங்கேயே நின்று எரிந்தது. தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஏகாம்பரம் இறங்க ஆயத்தமானான். சார் விதி ஒன்று போட்டார்: "பேசிக்கிட்டே இறங்கணும். பேச்சு நின்னா இழுத்துடுவோம்."

"இன்னா பேசறது?"

"என்னைத் திட்டுங்க."

அதற்கு ஏகாம்பரத்துக்குத் தயக்கமே இல்லை. அவன் இறங்க இறங்க, சாரின் கால்சட்டை, மூக்கு, அவர் மடியாத பிடிவாதம் எல்லாம் கிணற்றுச் சுவரில் எதிரொலித்து மேலே வந்தன. ஒவ்வொரு வசவுக்கும் சார், "நல்லது, நல்லது" என்று தலையசைத்தார். கூடைகள் சேற்றோடு வந்தபடி இருந்தன. கன்னியம்மாவும் சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

திடீரென்று வசவு நின்றது.

"ஏகாம்பரம்!"

பதில் இல்லை. கன்னியம்மாவின் கையிலிருந்த கூடை நழுவியது. சார் கயிற்றைப் பற்றினார், நான் பற்றினேன், தலைவர் தங்கக் கடிகாரத்தோடும் பட்டு அங்கவஸ்திரத்தோடும் பற்றினார். யார் எந்தச் சாமியைக் கூப்பிட்டோம் என்று எனக்குத் தெரியாது. எல்லாம் ஒரே மூச்சாகத்தான் கேட்டது. உள்ளங்கைத் தோல் உரிய இழுத்தோம். சேற்றில் மெழுகிய ஒரு தலை கைப்பிடிச் சுவருக்கு மேல் எழும்பியது.

"இன்னாத்துக்கு இஸ்தீங்க!" என்றது தலை. "ஊத்துக்கண்ணு தொறந்துச்சு சார்! எளநி கணக்கா கீது. ஒரு வாய் குடிச்சுகினு இருந்தேன். அதுக்குள்ள..."

"பேச்சை ஏன்யா நிறுத்தின?" என்று தலைவர் கத்தினார்.

"குடிக்கவும் திட்டவும் ஒரே வாய்தான சாமி கீது எனக்கு!"

சார் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அவர் சொல்றது சரிதான்" என்றார், வகுப்பில் சொல்லும் அதே குரலில். "விழுங்கும்போது மூச்சுக்குழல் வாயில ஒரு மூடி வந்து மூடிக்கும். அந்த நேரம் மூச்சும் வராது, பேச்சும் வராது. நான் அதை யோசிச்சிருக்கணும். எட்டாம் வகுப்புப் பாடம்..." சட்டைப் பையிலிருந்து புட்டியையும் பப்பாளிக் காம்பையும் எடுத்து ஏகாம்பரத்திடம் நீட்டினார். "கொஞ்சம் ஊதுங்க."

ஏகாம்பரம் ஊதினான். நீர் வெளுத்தது. அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவரின் கண்கள் வழிந்தன. கன்னியம்மா தன் முந்தானையால் முதலில் துடைத்தது கணவனின் முகத்தை அல்ல, அவர் முகத்தை.

மறுநாள் அந்த ஊற்று நீர்தான் கலசம் ஏறியது. தலைவர் தம் கையால் முதல் தீர்த்தத்தைத் சார் தள்ளி நின்றிருந்த தெருமுனை வரை எடுத்துவந்து, அவர் தலையில் தெளிக்கவா வேண்டாமா என்று தயங்கி நின்றார். "கையில குடுங்க சார், குடிச்சுக்கறேன்" என்றார் அவர்.

அவர் மறைந்து வெகு காலமாகிவிட்டது. பள்ளி ஆசிரியர்களோடு கல்லறை வரை நானும் சென்றேன்; புட்டி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. கார்த்திகைதோறும் ஓர் அகலை மூடிய அறைக்குள் வைக்காமல், சன்னல் திறந்து நல்ல காற்று வரும் இடமாகப் பார்த்து வைக்கிறேன். அதுவும் மூச்சு விட வேண்டுமே. வீட்டார் அதைச் சாமி விளக்கு என்கிறார்கள். நான் மறுப்பதில்லை, வார்த்தைதான் வேறு.

இதைப் படிக்கும் ஒவ்வொருவரின் மூச்சும் சீராக ஓடுக. உங்கள் இல்லத்து மரங்கள் வெயிலில் வயிறாரச் சமைத்து உண்க. நீங்கள் இருட்டில் இறங்க நேரும் நாளில், உங்கள் கயிற்றின்மேல் சம்மணமிட்டு உட்கார ஒருவர் வாய்க்க, எல்லாம் வல்லவன் அருள்க.