ஐந்து மாதிரிக் கடிதங்கள்

பேசாலை,
1927 பங்குனி 21, திங்கட்கிழமை.

முள்ளிக்குளம் கோவில் மூப்பரும் எனது பெருமதிப்புக்குரிய மாமாவுமாகிய அருட்பிரகாசம் அவர்களின் சமூகத்துக்கு, பேசாலைப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு வாசிப்பும் எழுத்தும் படிப்பிக்கிற மருமகன் யோசேப் தாழ்மையோடும் நடுக்கத்தோடும் எழுதிக்கொள்வது.

ஆண்டவருடைய கிருபையால் நான் சுகமாக இருக்கிறேன். எல்லாரும் கடிதத்தில் எழுதுகிற வசனம்தானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சத்தியமாகச் சுகமாக இருக்கிறேன். இன்று காலையிலும் நீத்துப்பெட்டி நிறைய அவித்த பிட்டைத் தனியாளாகச் சாப்பிட்டேன். மதலேனா மாமியும் சுகமாக இருக்கிறா என்று அறிந்து அளவில்லாத சந்தோசம். மாமி உயிரோடிருப்பதைப் பற்றி இந்தக் கரையில் என்னைவிடச் சந்தோசப்பட்டவர் வேறு எவரும் இருக்க முடியாது.

தாங்கள் தோணித் தண்டையல் டொமினிக்கிடம் கொடுத்துவிட்ட துண்டு நேற்றுப் பூசை முடிந்ததும் என் கைக்கு வந்தது. "கடிதம் ஐந்தும் கிடைத்தன. மாமி உயிரோடு இருக்கிறா. தோணியும் முழுசாக இருக்கிறது. நீதான் இனி எங்களுக்கு இல்லை. மாக்கிறட்டின் பேச்சை இத்தோடு விட்டுவிடு" என்று எழுதியிருந்தீர்கள். கோவில் வாசலிலேயே வாசித்தேன். உள்ளே போய்ச் சுரூபத்துக்குக் கீழே குந்திவிட்டேன். யாரோ ஒரு மனுசி நான் பெரிய பாவி என்று நினைத்து எனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினா. மாமா, அந்த ஐந்து கடிதங்களும் பள்ளிக்கூடத்து மாதிரிக் கடிதங்கள். அவற்றில் ஒரு வரிகூட உண்மை இல்லை. ஐந்தையும் அடுப்பில் போட்டுவிட்டு, நடந்ததைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

போன ஆவணியில் மடுத் திருநாளில் தாங்கள் எனக்கு ஒரு கட்டளை போட்டீர்கள். பரிசோதகர் வந்து பார்த்து, எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்த பிறகுதான் தங்கள் மகள் மாக்கிறட்டைப் பெண் கேட்டு வரலாம். அதுவரை அவளுடைய பேரை வாயால் சொல்லவும் கூடாது என்றீர்கள். இந்த ஏழு மாதமும் நான் வாயால் சொல்லவில்லை. இரவும் பகலும் படிப்பித்தலே வேலையாகக் கிடந்தேன். காலையில் மணியடித்து, செபம் சொல்லி, சிலேட்டுத் துடைத்ததும் வாசிப்பு. ஒரு பிள்ளை ஒரு வரி வாசிக்கும்போது மற்றப் பிள்ளைகள் அதே வரியில் விரல் வைத்திருக்க வேண்டும் என்பது என்னுடைய சட்டம். வீட்டில் கருவாடு காயப்போட்டுவிட்டு வந்த விரல்கள் என்பதால், ஒன்பதாம் பாடம் வரும்போது ஊர்ப் பூனைகள் எல்லாம் யன்னலில் வந்து இருந்துவிடும். பூனைகளைக் கலைத்துவிட்டுச் சொல்வதெழுதுதல். அதற்குப் பிறகு கையெழுத்து. இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான், இந்தமுறை மூன்றாம் வகுப்பின் கடிதம் எழுதும் பழக்கத்தை முக்கியமாகப் பார்ப்பேன் என்று பரிசோதகர் நவரத்தினம் அவர்களிடமிருந்து அறிவித்தல் வந்தது.

நான் உடனே ஒரு ஒழுங்கு போட்டேன். திங்கள் லீவுக் கடிதம், செவ்வாய் நோய் வருத்தம் அறிவிக்கும் கடிதம், புதன் கலியாண அழைப்பு, வியாழன் மன்னிப்பு, வெள்ளி அனுதாபம். முதல் நாள் பிள்ளைகள் இல்லாத ஆளுக்கு எழுதினார்கள். ஒன்றிலும் உயிர் இல்லை. ஆகையால் உண்மையான சொந்தக்காரர் ஒருவரை நினைத்து, அவருடைய பேரையும் ஊரையும் மேலே போட்டு அதையும் திரும்ப எழுதச் சொன்னேன். மாதிரிக்காக நானும் கரும்பலகையில் எழுதி, தாளிலும் எழுதினேன். யாருக்கு எழுதலாம் என்று யோசித்தபோது தங்கள் நினைவுதான் வந்தது. தங்களுக்கு எழுதும்போது பயத்தில் என் கையெழுத்து அச்சுப்போல வரும். அப்படித்தான் தங்களிடம் ஒருநாள் லீவு கேட்டேன், செவ்வாய்க்கிழமை சாகக் கிடந்தேன், வியாழக்கிழமை தங்கள் தோணியைக் கேட்காமல் எடுத்துக் கல்லில் மோதினேன், வெள்ளிக்கிழமை மாமியை அடக்கம் பண்ணினேன்.

புதன்கிழமைக் கடிதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளைக்கு என் பேரைப் போட்டேன், அது மாதிரிதானே. பெண்ணின் பேர் என்ன என்று பிள்ளைகள் கேட்டார்கள். இடத்தை வெறுமையாக விட்டால் இருபத்துமூன்று பிள்ளைகளும் வெறுமையாக விடுவார்கள், பரிசோதகர் குறை சொல்லுவார். கையில் வெண்கட்டி இருந்தது. திரும்பிப் பார்க்கும்போது கரும்பலகையில் மாக்கிறட் என்று எழுதியிருந்தது. நெடிலும் புள்ளியும் றகரமும் ஒன்றாக உள்ள பேர், எழுத்துப் பழக்கத்துக்கு மிகவும் நல்லது என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். தங்களுடைய கட்டளையை நான் மீறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்; வாயால் சொல்லவில்லை. கலியாண நாளாக வருகிற பங்குனி 23, அதாவது நாளை மறுநாள் புதன்கிழமையைப் போட்டேன். அது பாஸ்குத் திருநாளுக்கு முந்தின, நோன்பு இருக்கிற தபசு காலம் என்பது அந்த நேரம் தலையில் ஏறவில்லை.

என் வகுப்புப் பிள்ளைகள் கெட்டிக்காரர். கரும்பலகையில் இருப்பதை ஒரு குற்றுக்கூட மாறாமல் எழுதுவார்கள். அவரவர் மாமா, பெரியப்பா பேரை மேலே போட்டு, வருத்தம் தமக்கே வந்ததாக எழுதினார்கள். ஆனால் கலியாணக் கடிதத்தில் இருபத்துமூன்று பேரும் யோசேப்புக்கும் மாக்கிறட்டுக்கும் கலியாணம் என்றே எழுதினார்கள். அனுதாபக் கடிதத்தில் இருபத்துமூன்று பேரும் மதலேனா அம்மாளையே சாகக் கொடுத்தார்கள். நான் எல்லாவற்றையும் மடித்து, கட்டாகக் கட்டி, பரிசோதகருக்குக் காட்டுவதற்காக அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

சனிக்கிழமை டொமினிக், ஊரில் ஒரு செத்தவீட்டில் ஆட்கள் இருக்க இரவலாகக் கொண்டுபோன பள்ளிக்கூடத்து வாங்கைத் திருப்பித் தர வந்திருக்கிறார். நான் அங்கே இல்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் ஒரு புயலில் தப்பிய நாளிலிருந்து அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி வைத்திருக்கிறார்: பேர் எழுதி மடித்த கடுதாசியைக் கண்டால் கரையில் விட்டுவிட்டுப் பாய் இழுக்க மாட்டார். அவருடைய மகள் பெற்றிசியா என் வகுப்பில் படிப்பவள், வாசிப்பில் முதலாம் பிள்ளை. தகப்பனுக்குத் தன் கெட்டித்தனத்தைக் காட்ட, ஒவ்வொரு கடிதத்தின் மேலும் இருந்த பேரையும் ஊரையும் உரக்க வாசித்திருக்கிறாள். அந்த மனுசன் நூற்றிருபது கடிதத்தையும் சாக்கில் போட்டுக்கொண்டு கடலுக்குப் போய், எருக்கலம்பிட்டி, வங்காலை, அரிப்பு, முள்ளிக்குளம் என்று கரை கரையாக இறக்கியிருக்கிறார். தன் தோணி கீரிக்குப் போகாது என்று அந்த ஊர்க் கடிதங்களை ஒரு வண்டிக்காரனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். திங்கட்கிழமை கட்டைக் காணாமல் நான் கறையானைச் சந்தேகித்து அலுமாரியின் பின்பக்கத்தைக் கழற்றினேன்.

புதன்கிழமை பரிசோதகர் வந்து கதிரையில் இருந்தார். பெற்றிசியா எழும்பி வாசிக்கத் தொடங்கினாள். மூன்றாம் வரியில் ஒரு மாட்டுவண்டி வாசலில் நின்றது. கீரியிலிருந்து ஒரு பெரியப்பா உயிர்க்கோழியோடு இறங்கி, சாகக் கிடக்கிற பெறாமகன் எந்த வாங்கில் என்று கேட்டார். அவருக்குப் பின்னால் வங்காலையார் இரண்டுபேர், கலியாண வேலைக்கு ஒரு கிழமை முந்தி வருவதுதானே முறை என்று, கிடாரமும் அகப்பையுமாக வந்தார்கள். அரிப்பிலிருந்து ஒரு மனுசி கறுப்புச் சீலையோடு வந்து, மதலேனா எங்களுக்கு என்ன முறை என்று தெரியாது, ஆனால் கடிதம் வந்தபடியால் அழாமல் இருக்க முடியவில்லை என்று சொல்லி அழுதா. ஹிதாயா என்ற பிள்ளையின் மாமா வஸீர் எருக்கலம்பிட்டியிலிருந்து ஓடி வந்தார். அவருக்குத் தோணி இல்லாதபடியால், மன்னிப்புக் கடிதத்தில் அந்தப் பிள்ளை சொந்த யோசனையில் உங்கள் லாந்தரை உடைத்துவிட்டேன் என்று மாற்றி எழுதியிருக்கிறது. அவர் வீட்டைப் புரட்டி எல்லா லாந்தரையும் எண்ணிப் பார்த்தாராம். எல்லாம் முழுசாக இருந்ததால் பயம் கூடிவிட்டதாம். பத்துமணிக்கு வகுப்பில் பிள்ளைகளைவிட மாமாமார் அதிகம்.

பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பிள்ளைகள் எழுதிய கடிதங்கள் எங்கே என்று கேட்டார். என் நியமனமும் மாக்கிறட்டும் ஒன்றாகக் கடலில் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் வஸீர் மடியிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். அவரைப் பார்த்துக் கீரியார் நீட்டினார், வங்காலையார் நீட்டினார்கள், அழுதுகொண்டிருந்த மனுசியும் கண்ணைத் துடைத்துவிட்டு நீட்டினா. பரிசோதகர் ஒவ்வொன்றாக வாசித்தார். கலியாணக் கடிதத்தை மட்டும் இரண்டுதரம் வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"மாஸ்டர், பதினெட்டு வருசமாப் பள்ளிக்கூடம் பாக்கிறன். பிள்ளையள் எழுதினதை வாசிச்சுப்போட்டு ஒரு ஆள் இருந்த இடத்தை விட்டு எழும்பினதை இண்டைக்குத்தான் கண்டனான்."

என் நியமனத்துக்குச் சிபாரிசு எழுதிவிட்டுத்தான் போனார். கோழிக்கறி சாப்பிடவில்லை, தபசு என்றார். கோழி இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் நிற்கிறது.

ஆகவே மாமா, தாங்கள் கேட்ட காரியம் நிறைவேறிவிட்டது, ஆனால் அதே காரியம்தான் என்னைத் தங்கள் வாசலில் நிற்கவிடாமல் செய்துவிட்டது. தன் மகளின் கலியாணத்துக்குத் தனக்கே அழைப்பு வந்தால் எந்தத் தகப்பனுக்கும் கோபம் வரும். அதுவும் தபசு காலத்தில், மகளின் தாய் செத்துப்போன கிழமையில். மாக்கிறட்டின் பேர் இருபத்துமூன்று வீடுகளில் என் பேரோடு கிடக்கிறது என்று நினைக்க எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் நானே நடந்துபோய் அது பிள்ளைகளின் பயிற்சி என்று சொல்லிவருகிறேன். இதுவரை ஒன்பது வீடு முடிந்தது. ஏழு வீட்டில் நம்பவில்லை, பந்தல் எங்கே என்று கேட்டார்கள். மாமி மட்டும் டொமினிக்கிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டிருக்கிறா: கடிதங்களை வாசித்ததும் தாங்கள் முதலில் கரைக்கு ஓடித் தோணியைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போய்த் தன்னைப் பார்த்தீர்களாம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

அந்தக் கலியாணக் கடிதம் வெறும் பயிற்சி, அதில் என் மனது ஒரு துளியும் இல்லை என்று எழுதித் தருகிறேன். தாங்கள் மாக்கிறட்டை விரும்பிய இடத்தில் கொடுக்கலாம். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன். இந்த வரியை எழுதத்தான் மூன்று தாள் கிழிக்க வேண்டியிருந்தது.

மாமிக்கு என் பணிவான அன்பு. தங்கள் தோணிக்கும் வலைக்கும் வீட்டுக்கும் அந்தோனியார் காவலாக இருப்பாராக. தாங்கள் கோபம் தணிந்த ஒரு நாளில் என்னையும் ஒரு செபத்தில் நினைத்துக்கொள்ளவும்.

இப்படிக்குத் தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
யோசேப்.

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரம் டொமினிக் இந்தக் கடிதத்தை வாங்க வந்து, மடியிலிருந்து இன்னொரு மடிப்பை எடுத்துத் தந்தார். "மாஸ்டர், இதை ஒருநாள் பிந்திக் குடுக்கச் சொன்னவா. உங்களை ஒருநாள் பயப்பட விடவேணுமாம்" என்றார். பிரித்துப் பார்த்தேன். நான் தங்களுக்கு அனுப்பிய புதன்கிழமைக் கடிதமேதான். அதில் பங்குனி 23 என்பது சிவப்பு மையால் வெட்டப்பட்டு, பாஸ்குத் திருநாளுக்குப் பிறகு சித்திரை 27, அதுவும் புதன்கிழமை, என்று திருத்தப்பட்டிருக்கிறது. ஓரத்தில், "தபசிலே கலியாணம் வைக்கிறேல்லை எண்டு சட்டம்பியாருக்குத் தெரியாதோ? மற்றதெல்லாம் சரி" என்று மாக்கிறட்டின் கையெழுத்து. அதற்குக் கீழே மாமி உயிரோடிருப்பதற்கு அடையாளமாகப் பெருவிரலை அழுத்திச் சம்மதம் வைத்திருக்கிறா. மாமா, எழுத்துப் படிப்பிக்கிற சட்டம்பி என்ற முறையில் அந்தத் திருத்தத்தில் என்னால் ஒரு பிழையும் காண முடியவில்லை. ஆகையால் மேலே நான் எழுதியதெல்லாம் பொய். தயவுசெய்து மற்ற நாலு கடிதத்தோடு இதையும் அடுப்பில் போட்டுவிட்டு, திருத்திய புதன்கிழமைக் கடிதத்தை மட்டும் உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள்.