பன்னிரண்டு நாள் பனிமலை

மூன்றாம் நாள் காலை சோதிலிங்கத்தைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது மழை. இத்தாலியின் பலேர்மோவில் பெய்த மழையல்ல. சுவிஸில் பெய்த மழை.

"இன்டர்லாக்கனில் நல்ல வெயில். கொக்காவும் நானும் ஏரிக்கரையில் தேத்தண்ணி குடிக்கிறம்" என்று பேர்ணில் இருக்கும் மனைவியின் தங்கை கேசிகாவுக்குச் செய்தி அனுப்பி ஐந்து நிமிடம் ஆகவில்லை, அவள் போன் எடுத்துவிட்டாள்.

"அத்தான், அங்கை விடியத் தொடங்கின மழை இன்னும் விடேல்லை. என்ரை சிநேகிதி குடையோடை நிக்கிறாள். நீங்கள் எந்த வெயிலுக்கை நிக்கிறியள்?"

சோதிலிங்கம் நின்றது பலேர்மோவின் கால்சாவில். வண்டி திருத்தும் ஜோக்கிமின் கராஜுக்குப் பின்னால், கடலைப் பார்த்த ஒரு வெறுங்காணியில், ஓடாத ஒரு வீட்டு வண்டியின் படியில், சாரத்தோடு.

"மலைக்கு அங்காலை இறங்கீட்டம் பிள்ளை. குகைப்பாதையாலை வந்து இப்ப லோகார்னோ."

இந்த நிலைக்கு அவன் வந்த விதம் இப்படி.

சோதிலிங்கம் ஒரு கிழட்டு வக்கீலைப் பராமரிக்கிறவன். வக்கீலின் வீட்டிலேயே படுக்கை. மனைவி ஞானம்பிகைக்கு ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய எசமானியின், வீட்டில் வேலை; அவளுக்கும் அங்கேயே படுக்கை. வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு என்பதால், பதினெட்டு வருடமாக அவர்கள் வியாழன் பின்னேரமும் ஞாயிறும் மட்டும் புருசன் பெண்சாதி. அதிலும் பாதி ஞாயிறு யாராவது ஒருவரின் பிள்ளைக்குப் பிறந்தநாள்.

சாகிறதுக்கு முதல் பனிமலை பார்க்கவேணும் என்று ஞானம்பிகை வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தச் செப்டெம்பரில், கால் ஏலாமல் போன வக்கீல், கட்டிலும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற தன் கேம்பர் வண்டியைப் பன்னிரண்டு நாளைக்குத் தந்தார். சிஞ்ஞோராவும் லீவு தந்தாள்.

அதற்குப் பிறகுதான் சொந்தக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். பலேர்மோத் தமிழர் சுவிஸ் சொந்தங்களுக்கென்று ஆளுக்கொரு பொதி கொண்டுவந்து ஏற்றினார்கள்: ஒடியல் மா, மிளகாய்த்தூள், கருவாடு. கேசிகா ஒரு பட்டியல் அனுப்பினாள். பன்னிரண்டு இரவு, பன்னிரண்டு வீடு. ஒரு வீட்டைத் தவறவிட்டால் அந்த வீட்டுக்காரர் பத்து வருடத்துக்குக் கதைக்கமாட்டார்கள். எல்லா வீட்டிலும் ஒரே ஒழுங்கு: பெண்கள் அறைக்குள், ஆண்கள் ஹோலில் பாய் விரித்து.

சோதிலிங்கம் பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். இருந்த வியாழனும் ஞாயிறும்கூடப் போய்விட்டிருந்தன. அடுத்த நாள் வண்டியை ஜோக்கிமின் கராஜில் சேர்விசுக்கு விட்டான்.

ஆகவே ஜெனோவாக் கப்பலுக்கு வரிசையில் நின்ற வண்டி துறைமுக வாசலிலேயே மூச்சை விட்டபோது, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளுக்குள் சந்தோசப்பட்டவன் அவன். மன்னார்ப் பொடியன் ஜோக்கிம் வந்து இழுத்துக்கொண்டு போனான். அடுத்த நாள் அவன் ஏதோ சொல்ல வரமுதலே சோதிலிங்கம் காதுக்குள் சொன்னான்:

"தம்பி, அக்கா கேட்டால் ஜேர்மனியிலையிருந்து சாமான் வரவேணும் எண்டு சொல்லு. பன்னிரண்டு நாள் செல்லும்."

ஜோக்கிம் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு தலையாட்டினான்.

கையசைத்து வழியனுப்பின சனத்துக்கு முன்னால் திரும்பிப் போவது வெட்கக்கேடு, முதலில் மலை பார்த்துவிட்டுத்தான் வீடுகளுக்கு வருவோம் என்று சொல்லி மலையில் நிற்கிறதாகவே இருக்கட்டும் என்று சோதிலிங்கம் மனைவிக்கு விளக்கினான். ஞானம்பிகை யாருடையதோ கருவாட்டுப் பொதியைப் பிரித்துப் பொரித்தாள்.

லோகார்னோவும் சரிவரவில்லை. அங்கே உணவகத்தில் வேலை செய்யும் மருமகன் கிரிசாந் கொத்துரொட்டியோடு தேடி வெளிக்கிட்டுவிட்டான். அவன் வாகனத்தில் ஏறமுதல் இவர்கள் ஒஸ்திரியாவுக்குள் போகவேண்டியதாயிற்று. அங்கே என்ன காலநிலை என்று கேசிகா கேட்க, சோதிலிங்கம் அவசரத்தில் "பனி கொட்டுது" என்று சொல்லிவிட்டான். அப்படியென்றால் படம் அனுப்பச் சொன்னாள்.

பலேர்மோவில் அன்றைக்கு முப்பத்திமூன்று பாகை. சோதிலிங்கம் வக்கீலின் கம்பளித் தொப்பியும் தடித்த மேல்கோட்டும் போட்டுக்கொண்டு கபோச் சந்தைக்குப் போய், வாள்மீன் தலையொன்று நட்டுவைத்த மீன்கடை ஐஸ் குவியலுக்கு முன்னால் நின்று சிரித்தான். ஞானம்பிகை படம் எடுத்தாள். மீன்காரன் தன் பங்குக்கு ஒரு மட்டியைச் சோதிலிங்கத்தின் தலையில் வைத்து ஆசீர்வதித்தான்.

"அத்தான், பனிக்குள்ளை என்ன வாள் மாதிரி நிக்குது?"

"அது சறுக்கிற தடி."

"தடிக்குக் கண் இருக்கே."

மலைக்குள் சிக்னல் இல்லை என்று சொல்லி அவன் போனை நிறுத்தினான். மறுபடி போட்டபோது, அக்காவும் அத்தானும் பனிப்புயலுக்குள் அகப்பட்டுப் புத்தி கலங்கிவிட்டார்கள் என்று மூன்று கார்களில் சொந்தங்கள் ஒஸ்திரியாவுக்குப் புறப்பட்டிருந்தன. சமாளிப்பதற்காக, தாங்கள் பிரான்ஸ் பக்கம் இறங்கிவிட்டதாக அவன் சொன்னான். கார்கள் பிரான்சுக்குத் திரும்பின.

இதெல்லாவற்றையும் அவன் தாங்கினான். காலையில் கண் திறந்தவுடன் ஞானம்பிகை எப்படி இருப்பாள் என்று பதினெட்டு வருடத்தில் இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. கோப்பை கழுவும்போது மெல்லப் பாட்டு முணுமுணுப்பாள். தேத்தண்ணியின் முதல் மிடறை அவனுக்குத் தந்து சீனி பார்க்கச் சொல்லுவாள்.

தாங்கமுடியாமல் போனது ஒன்றுதான். படம் எடுத்து முடிந்ததும் மீன்கடையில் அவள் ஒரு பிடி ஐஸை அள்ளி, அது முழுதும் உருகி முழங்கையால் வழியும்வரை கையை விரிக்காமலே நின்றாள்.  எத்தனை வருடத்து ஆசை, அதை நானல்லவோ திருடினேன் என்று அவனுக்குப் பட்டது.

ஏழாம் நாள் காலை அவன் ஜோக்கிமிடம் போனான்.

"வண்டியைத் திருத்தித் தா தம்பி. இண்டைக்கே கப்பல் எடுக்கிறன். அஞ்சு நாளெண்டாலும் அவவுக்கு உண்மையான பனியைக் காட்டவேணும். ஹோலிலை படுத்தாலும் பரவாயில்லை."

ஜோக்கிம் கையைத் துணியில் துடைத்தான். காணிக்கு அந்தப் பக்கம் சோதிலிங்கத்தின் சேர்ட்டை உதறிக் கயிற்றில் காயப்போட்டுக்கொண்டு நின்ற ஞானம்பிகையை ஒருமுறை பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை, நீங்கள் வண்டியைச் சேர்விசுக்கு விட்ட அண்டைக்கே அக்கா இஞ்சை வந்தவா. வண்டி துறைமுகம் மட்டுக்கும் ஓடினால் போதும் எண்டு சொன்னவா."