ஒண்ணாங்கிளாஸ் வாப்பா

நாற்பது வயதில் ஒன்றாம் வகுப்பு படிக்கும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. பார்த்திருப்பீர்கள். மீசையில் நரை எட்டிப் பார்க்கும், சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி தொங்கும், டீக்கடையில் நம்மைக் கண்டதும், "எங்களுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்ச வே, உசுரு போவுது" என்பார். எழுதப் போவது ஆறு வயதுப் பிள்ளை. உசுரு போவது மட்டும் இவருக்கு.

டீச்சர் வாட்ஸப்பில் ஒரு வரி போட்டால் ஒன்பது சந்தேகம் கேட்பவர், பிள்ளை வரைந்த யானையின் தும்பிக்கையை அழித்து நேராக்குபவர், கலர் கோட்டைத் தாண்டினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்பவர், "நீயே செய்" என்று சொல்லிக்கொண்டே கத்திரிக்கோலைப் பிடுங்குபவர், எல்லாரும் இந்த வகையறாதான். கெட்டவர்களா? சேச்சே. அன்பு தாங்காதவர்கள்.

மேலப்பாளையத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் நாசரை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கமான மனுஷன். அவர் மகள் ஷம்ஸியாவுக்கு வீட்டில் வாய் ஓயாது. வகுப்பில் வாயே திறக்காது. பெயர் கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டும். ரீபா டீச்சருக்கு அதுதான் கவலை. அந்த டீச்சர் ஒரு விளையாட்டுக் கொடுத்தார். பத்து வீட்டில் போய், "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு காலித் தீப்பெட்டி. ஒரே பதில் சொன்ன வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். எது உயரமோ அது அதிகம். கிராஃப் என்றால் அவ்வளவுதான். புதன்கிழமை அவரவர் அடுக்கைப் பற்றி அவரவரே பேச வேண்டும். பெற்றோரும் வரலாம் என்று சொன்னார் பாருங்கள், அங்கேதான் தப்புச் செய்தார்.

ஷம்ஸியா தனியாகவே பத்து வீடும் ஏறி இறங்கினாள். வந்து தரையில் அடுக்கினாள். இட்லி இரண்டு, புட்டு ஒன்று, காப்பி ஏழு. காப்பிக் கோபுரம் கொஞ்சம் சாய்ந்தது, ஆனால் நின்றது. "உம்மா, புதங்கெழம கிளாஸ்ல நான் பேசுவேன்" என்றாள். பெற்றவள் ஷஃபீகாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாசருக்குக் கோபுரம்தான் கண்ணில் பட்டது.

"என்னட்டி இது? ஏழு வீட்ல வெறுங்காப்பியா? நம்ம தெரு மானம் என்னாவுறது?"

"அப்படித்தான் சொன்னாங்க வாப்பா."

"புட்டு வேற ஒத்தையில நிக்கி, ஃபெயிலான மாதிரி. நீ பைய அங்கன தள்ளி உக்காரு."

"அவ செஞ்சத அப்படியே வுடுங்களேன்" என்றாள் ஷஃபீகா.

"நான் என்ன செய்யுதேன்? சின்னதா ஒரு கை கொடுக்கேன்."

சின்னக் கை! தெர்மாகோல் வந்தது, ஜிகினாத் தாள் வந்தது, பெருநாளுக்குக் கட்டும் சீரியல் லைட் வந்தது. பூரி, தோசை, இடியாப்பம், புட்டு, நான்கும் தலைக்குப் பத்து, எதுவும் ஃபெயிலாகவில்லை. பத்து வீட்டுக்காரர்கள் நாற்பது வீட்டுப் பலகாரத்தைத் தின்று தீர்த்தார்கள். காப்பி போன இடம் தெரியவில்லை. மனுஷன் ஒரு வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை.

புதன்கிழமை கிராஃப் மினுக்மினுக்கென்று எரிந்தது. பக்கத்தில் ஷம்ஸியா நின்றாள்.

"பூரி எந்தெந்த வீட்ல ஷம்ஸியா?" என்று கேட்டார் டீச்சர்.

பிள்ளை கிராஃபைப் பார்த்தாள், வாப்பாவைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

"பத்து வீடு டீச்சர்!" என்று பின்னாலிருந்து நாசர் குரல் கொடுத்தார்.

"நீங்க உக்காருங்கண்ணே. உங்களக் கேக்கல."

வகுப்பே சிரித்தது. பிள்ளைக்கு உதடு துடித்தது. பாவி மனுஷா, பேச வந்த பிள்ளையின் வாயை அடைத்துவிட்டாயே என்று எனக்கு வயிறு எரிந்தது. ஆமாம், நானும் அங்கேதான் இருந்தேன். என் மடியில் இருந்த தெர்மாகோல் எதற்கு என்று கேட்காதீர்கள்.

டீச்சர் சுவிட்சை அணைத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்தார். "இது கெடக்கட்டும். நீ மொதல்ல யார் வீட்டுக்குப் போன?"

அணைந்த லைட்டைப் பார்த்துக்கொண்டே, "அலிமா பீவி மாமி வீட்டுக்கு" என்றாள்.

"என்ன சாப்பிட்டாங்களாம்?"

"காப்பி குடிச்சாங்களாம். ஆனா கையில இடியாப்பம் ஒட்டியிருந்துச்சு."

முன்வரிசையில் கிங்ஸ்லி துள்ளி எழுந்தான். "டீச்சர், எங்க வீட்லயும் காப்பின்னா இட்லிதான்!"

அட, ஆமாம்! நம் பக்கத்தில் காலைப் பலகாரத்துக்கே காப்பி என்றுதானே பெயர்? ஐந்து இடியாப்பத்தை முழுங்கிவிட்டு, "காப்பி குடிச்சாச்சு" என்று ஏப்பம் விடுகிறவர்கள் நாம். நாசரும் அன்றாடம் அதையேதான் சொல்கிறார். யாரிடமாவது கேட்டிருந்தால் அல்லவா ஞாபகம் வந்திருக்கும்?

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப என் கேள்விதான் தப்பு! எப்படிக் கேக்கணும்?"

"காப்பிக்கு என்னன்னு கேக்கணும் டீச்சர்!" என்றாள் ஷம்ஸியா. அந்தச் சத்தம் அடுத்த வகுப்புக்கே கேட்டிருக்கும்.

வெளியே வந்ததும் நாசர், "வா புள்ள, நாம சாயந்தரமே போயி எல்லார்ட்டயும் திரும்பக் கேட்டுருவோம்" என்றார்.

"நீங்க வர வேண்டாம் வாப்பா. நாந்தான ஒண்ணாங்கிளாஸ்?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளை ஏழு பெட்டியைக் காப்பி என்று அடுக்கியபோதே, "அடடா, அது பலகாரம் ஆச்சே, கூப்பிட்டுச் சொல்லிவிடலாமே" என்று உங்கள் நாக்கு அரிக்கவில்லை? அரித்ததென்றால் உள்ளே வாருங்கள், என் பக்கத்தில் இடம் இருக்கிறது. பெஞ்சு மட்டும் சின்னது. முழங்காலைப் பார்த்து மடக்குங்கள்.