பஹ்கத் ஷிர்பீனியின் அறுபத்து நான்காவது வேடம்

ஷுப்ரா, கெய்ரோ.

மரியாதைக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, நூலக உதவியாளர் ரபாப் எழுதுவது. உங்களுக்கும் அச்சுக் கோப்பவர்களுக்கும் என் ஸலாம். எங்கள் வீட்டில் கல்லூரி போன முதல் ஆள் நான்தான் என்பதால் விண்ணப்பமெல்லாம் நானே எழுதுவேன். பத்திரிகைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடிகர் பஹ்கத் ஷிர்பீனி திரைக்கு வந்து நாற்பது வருடம் ஆனதற்கு நீங்கள் போட்ட சிறப்பிதழைப் படித்தேன். மன்ஸூராவில் நாடகக்காரர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கும் ஆளாக ஆரம்பித்தது, அறுபத்து மூன்று படங்களில் வில்லனானது, ஒற்றைப் புருவத்தைத் தூக்கியே கொட்டகையை நடுங்க வைத்தது எல்லாம் சரி. ஆனால் அவருடைய ஆகச் சிறந்த வேடம் உங்கள் பட்டியலில் இல்லை. அது போன வியாழக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது.

என்னைப் பெண் கேட்டு வந்த ஹம்தி தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறார். தாய் தகப்பன் இல்லாதவர். கூடப் பெரியவர் ஒருவர் வராவிட்டால் அப்பா பேசவே மாட்டார் என்று, தான் குடியிருக்கும் கட்டடத்து மூன்றாம் மாடிக்காரரை அழைத்து வந்தார். கதவைத் திறந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். வந்தவர் பஹ்கத் ஷிர்பீனி. இஸ்திரிக் கடை வைத்திருக்கும் என் அப்பாவுக்கு உலகத்திலேயே பிடிக்காத ஆள் அவர்தான். ஒரு படத்தில் அநாதைப் பெண்ணின் வீட்டை அவர் ஏமாற்றி எழுதி வாங்கியபோது, திரைமேல் செருப்பை எறிந்துவிட்டு ஒற்றைச் செருப்போடு வீடு வந்தவர் அப்பா. அந்த ஆளை நம்பிப் பெண் கொடுப்பாரா? சம்மதமானதும் கொடுக்கவென்று கரைத்து வைத்த ரோஜா சர்பத்தை அம்மா ஒரு தட்டால் மூடினாள். நான் சமையலறைத் திரைக்குப் பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா உற்றுப் பார்த்தார். "உங்கள எங்கயோ பாத்திருக்கேனே."

"அத ஏன் கேக்குறீங்க ஹாஜி," என்றார் அவர். "அந்தப் பாவி ஷிர்பீனி மாதிரியே இருக்கேன்னு ரொட்டிக் கடைக்காரன்கூட மூஞ்சியத் திருப்பிக்கிறான். நான் தமன்ஹூர்ல மருந்துக்கடை வெச்சிருந்தவன்."

அந்தப் புருவம் கடைசிவரை அசையவே இல்லை, ஐயா. குரல் மெலிந்து, முழங்கால் வலிக்காரர் மாதிரி உட்கார்ந்தார். அப்பா தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் ஷிர்பீனியைத் திட்டினார். ஈவிரக்கமில்லாதவனாம், நடிக்கிறானா எருமை கத்துகிறதா என்று தெரியவில்லையாம், மூஞ்சியும் மீசையுமாம். இவரோ பழைய தொழிலை மறக்காமல், "மீசையும் சாயம்தான் ஹாஜி," என்று எடுத்துக் கொடுத்தார். ஹம்திக்குச் சட்டை முழுக்க வியர்வை. கடைசியில் அப்பா இரு கைகளையும் ஏந்தினார். சம்மதத்தை உறுதிசெய்ய எல்லோரும் ஃபாத்திஹா ஓதினார்கள். அம்மா சர்பத்தோடு ஓடினாள்.

ஆகவே இதையும் பட்டியலில் சேர்க்க வேண்டுகிறேன். எங்கள் பெயரை மட்டும் போட வேண்டாம். அப்பாவுக்கு உண்மை தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும். உங்கள் கைக்கும் கண்ணுக்கும் அல்லாஹ் நல்ல பலத்தைத் தரட்டும்.

இப்படிக்கு,
ரபாப்

பி.கு.: உறையை ஒட்டும்போது அப்பா வந்துவிட்டார். அவருக்கு எழுத்து தெரியாது, உரக்கப் படிக்கச் சொன்னார். மாற்றிப் படிக்க மனம் வரவில்லை, உள்ளபடியே படித்தேன். வந்தவர் ஷிர்பீனிதான் என்று அப்பாவுக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டதாம். எவ்வளவு தாங்குகிறார் என்று பார்க்கத்தான் திட்டினாராம். "யாரோ பெத்த பையனுக்காக ஒரு மணி நேரம் சிரிச்சிக்கிட்டே திட்டு வாங்கிக்கிட்டாரு. இவரவிடப் பெரியவர் எங்க கிடைப்பாரு? நம்ம பேரையும் போடச் சொல்லு," என்றார். கதவு வரை போனவர் திரும்பி வந்தார். "அந்தப் பட்டியல்ல என்னையும் சேக்கச் சொல்லு. நானும்தானே நடிச்சேன்."