ஆபரேஷன் குழந்தையும் பரண் தூசியும்

இந்த வருஷம் பரண்மேல் ஏறுவதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றினேன். ஒருமனதான தீர்மானம். வீட்டுக்காரியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

சொல்வது லேசுப்பட்ட காரியமா? அவள் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். அவள் விசில் ஊதினால் பழுதாகிக் கிடக்கும் பஸ்கூட ஒருதரம் உறுமிப் பார்க்கும். நானோ மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் சொல்கிறேன். என் வீட்டில் பவர் யாரிடம் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பரண் சுத்தம் என்று அவள் அறிவித்துவிட்டாள். அதே ஞாயிறுதான் எங்கள் குடியிருப்பின் கேரம் இறுதிப் போட்டி. நானும் மாடிவீட்டுப் பல் டாக்டரும் ஜோடி. வருஷா வருஷம் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வுகிற நாங்கள், இந்த முறை எப்படியோ இறுதி வரை வந்துவிட்டோம். எதிரில் கீழ்வீட்டு வக்கீலும் அவர் மருமகனும். எதற்கெடுத்தாலும் வாதாடும் அந்த மனுஷன் ஒரு நிமிஷமாவது வாயடைத்து நிற்பதை நான் பார்க்கவேண்டும். என் வாழ்க்கை லட்சியமே அதுதான். பரண்மேல் ஏறி இறங்கினால் கை தூக்க வராது. அப்புறம் எங்கே காயைத் தள்ளுவது?

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் மெல்ல ஆரம்பித்தேன்.

"உன்கிட்ட ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும். நான் ஆபரேஷன்ல பொறந்த குழந்தை."

"தெரியுமே. வெளிய வரவே சோம்பல்பட்டு உள்ளயே உட்கார்ந்திருந்தான், டாக்டர்தான் தூக்கி வெளிய போட்டாருன்னு உங்கம்மா பார்க்கறவங்ககிட்ட எல்லாம் சொல்றாங்களே."

"அது சோம்பல் இல்லம்மா. அதுல பெரிய விஞ்ஞானமே இருக்கு. சுகப்பிரசவத்துல வர்ற குழந்தை, வர்ற வழியிலயே அம்மாகிட்டேருந்து நல்ல கிருமிகளை வாங்கிட்டு வருது. எது எதிரி, எது சும்மா தூசின்னு அதுங்கதான் உடம்புக்குப் பாடம் எடுக்குது. எனக்கு அந்தப் பள்ளிக்கூடமே கிடையாது. நேரா வெளிய! அதனால தூசியைப் பார்த்தாலே என் உடம்பு போர்க்கொடி தூக்கிடும். அலர்ஜி!"

நான் போனில் படித்த கட்டுரையில் 'சில ஆய்வுகள்', 'ஓரளவு', 'வாய்ப்பு', 'இன்னும் உறுதியாகவில்லை' என்றெல்லாம் இருந்தது. இந்த மாதிரி வார்த்தைகளால் ஒரு புருஷனுக்கு என்ன பிரயோஜனம்? அத்தனையையும் கத்தரித்துவிட்டேன்.

"நீ குடுத்துவச்சவ. சுகமாப் பொறந்தவ. உனக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்ல," என்று ஒரு பெருமூச்சும் விட்டேன்.

அவள் சிரித்தாள். 'ஆமாம்' என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"அப்ப பரணை விட்டுடலாங்க. உடம்பைவிடவா பரண் பெரிசு?" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமான நாள் முதல் நான் ஜெயித்த முதல் வழக்கு இது. வக்கீல் கூட்டணியை ஜெயிக்க இது நல்ல சகுனம் என்று பூரித்துப்போனேன்.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வந்தால் என் சாய்வு நாற்காலியில் மெத்தையைக் காணோம்.

"பஞ்சுங்க. அலர்ஜிக்கு ஆகாது."

"என் சென்ட்டு?"

"வாசனையும் ஆகாது. மாடிவீட்டு அக்காவுக்குக் குடுத்துட்டேன்."

"சரி, டப்பாவுல வறுத்த வேர்க்கடலை இருந்துதே?"

"அய்யய்யோ! அலர்ஜியிலயே பெரிய அலர்ஜி அதுதானாம். நானும் படிச்சேன்."

நாளைக்கு ஜெயிக்கப்போகும் கேரம் கோப்பையை நினைத்துக்கொண்டு வெறும் பலகையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் பல் டாக்டர் இறங்கி வந்தார். தப்பான பல்லைப் பிடுங்கிவிட்டவர் மாதிரி ஒரு முகம்.

"உடம்பைப் பார்த்துக்குங்க சார். ஆட்டத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க. நாளைக்கு உங்களுக்குப் பதிலா மேடம் ஆடறேன்னு சொல்லிட்டாங்க."

"எந்த மேடம்?"

"உங்க மேடம்தான்."

நான் திரும்பினேன். என் மேடம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கேரம் போர்டு பூரா பவுடர் போடுவீங்களே. அதுவும் தூசிதானங்க? ஆபரேஷன் குழந்தையைத் தெரிஞ்சே அதுல கொண்டுபோய் உட்கார வைக்கவா?"

கத்தரித்துப் போட்ட வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன்.

"இல்லம்மா... அது சில ஆய்வுலதான் அப்படிச் சொல்றாங்க. ஓரளவுதான். இன்னும் உறுதியாகலையாம். ஆபரேஷன்ல பொறந்தவங்க எல்லாருக்குமா வருது? நூத்துல ஏதோ சில பேருக்குத்தான். நான் அந்தச் சில பேர்ல இல்லவே இல்ல!"

"வாய்ல சொன்னா எப்படி நம்பறது?"

"சோதிச்சுப் பாரேன்!"

"சோதிக்க அவ்வளவு தூசிக்கு எங்கங்க போறது?" என்று அவள் யோசித்தாள். அவள் பார்வை மெல்ல மேலே போனது. என் பார்வையும் கூடவே போனது. ஏணி ஏற்கெனவே சுவரில் சாத்தி வைத்திருந்தது.

ஏறினேன். ஓடாத ஃபேன், மூடி இல்லாத குக்கர், கைப்பிடி போன பெட்டி, எதற்கோ வைத்திருந்த அட்டைப்பெட்டிகள், எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து ஏற்றினேன். "ஒரு தும்மல் வந்தாலும் நாளைக்கு நான்தான் ஆடுவேன்!" என்று வெளி வாசலில் நின்றபடியே டைம் கீப்பர் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒட்டடை மீசையாய் ஒட்டியது. ஒரு தும்மல்? ஊஹூம். என் மூக்கு அவ்வளவு ஆரோக்கியம்! இருட்டுவதற்குள் பரண் பளபளவென்று ஆகிவிட்டது. மெத்தையும் வேர்க்கடலையும் திரும்பி வந்தன. சென்ட்டு மட்டும் மாடியிலேயே மணந்தது.

மறுநாள் கை வலியோடேயே ஆடி ஜெயித்தோம். கடைசிக் காயை நான் போட்டபோது வக்கீலுக்கு நிஜமாகவே வாயடைத்துப்போய்விட்டது. அந்தச் சந்தோஷத்தைப் பக்கம் பக்கமாக எழுதுவேன். ஆனால் ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பு நடந்ததைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது.

வேடிக்கை பார்க்க என் மனைவியும் வந்து போர்டுக்குப் பக்கத்தில் நின்றாள். பல் டாக்டர் பவுடர் டப்பாவைத் திறந்து ஒரு தட்டுத் தட்டினார்.

"அச்!"

நான் இல்லை. அவள்.

"அச்! அச்! அச்!" கண் சிவந்து, மூக்கு சிவந்து, கைக்குட்டையோடு கதவு வரைக்கும் ஓடினாள். அடுக்கி வைத்த காய்கள் கலைந்து போயின.

"என்ன மேடம், இப்படித் தும்மறீங்க? இதை வச்சுக்கிட்டு எனக்கு ஜோடியா எப்படி ஆடியிருப்பீங்க?" என்றார் பல் டாக்டர்.

"ஆடறதா யாருங்க இருந்தா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷமாக ஒவ்வொரு ஒட்டடைக்கும் அவள் ஏன் வெளி வாசலில் நின்றே மேற்பார்வை பார்த்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"உனக்கா அலர்ஜி? நீ சுகப்பிரசவம் ஆச்சே!"

"நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்? நானும் ஆபரேஷன்தான்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே உங்களுக்கும் வந்திருக்குமே," என்று இன்னொரு தும்மலைத் தும்மி முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நூத்துல சில பேருக்குத்தான் வரும்னீங்களே, அந்தச் சில பேர்ல ஒருத்தி நான்தாங்க. மத்தவங்கதான் பரண் ஏறணும்."